கடைசிக் கழுவல் தண்ணீர்

சனிக்கிழமைகளில் ஹல்துமுல்லையில் ஏறும் பதுளை பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்ததில்லை. அப்புத்தளையில் பாதிப் பேர் இறங்கியதும்தான் உட்காருவேன். மடியில் பை. பைக்குள் சோற்றுப் பார்சல், திருத்தாத விடைத்தாள் கட்டு, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் இருக்கும் சிறிய கபில நிறப் போத்தல். வாரத்தில் ஐந்து நாள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல், சனிக்கிழமை பல்கலைக்கழக ஆய்வுகூடம், ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தல். இந்த வரிசை மாறாமல் எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. ஆசிரியர் அறையில் யாராவது "இன்னும் முடியலையா டீச்சர்?" என்று கேட்டால் முன்பெல்லாம் விளக்கம் சொல்வேன். பிறகு சிரித்துவிட்டு விடைத்தாளைப் புரட்டப் பழகிக்கொண்டேன்.

நான் படித்துக்கொண்டிருந்தது முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு, அதாவது எம்.பில். என் பொருள் பிசுமத்து இரும்பொட்சைட்டு. செங்கல்லை நன்றாக அரைத்த மாதிரி செம்பழுப்பான ஒரு பொடி. மின்சாரத்தால் ஒரு பக்கம் திருப்பிவிட்டால் அந்தத் திசையை நினைவில் வைத்திருக்கும். காந்த ஒழுங்கும் அதற்குள் உண்டு. இரண்டும் ஒரே பொருளில் அமைந்தால் அதை மல்டிபெரோயிக் என்பார்கள். கணினி நினைவகம், உணரி என்று அதன் பயன்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். குறை ஒன்றுதான். அதன் காந்தம் மிகவும் பலவீனமானது. பொடிக்குள் காந்தங்கள் எதிரெதிராக நின்று ஒன்றை ஒன்று இல்லாமல் ஆக்கிக்கொள்கின்றன. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் நல்ல பிசுமத்து இரும்பொட்சைட்டு அசைந்துகூடக் கொடுக்காது.

அதைச் செய்யும் முறையும் கொஞ்சம் அடம் பிடிக்கும். ஒட்சைட்டுகளை அரைத்துச் சும்மா சூடாக்கினால் பிசுமத்து ஆவியாகப் போய்விடும். வேண்டாத கலப்புகள் வந்து சேரும். அதனால் உப்பைச் சேர்க்கிறோம். சோடியம் குளோரைட்டும் பொற்றாசியம் குளோரைட்டும் சம அளவில். உலைக்குள் உப்பு உருகித் தண்ணீர் மாதிரி ஆகிறது. அந்த நெருப்புத் தண்ணீருக்குள் ஒட்சைட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஒன்றை ஒன்று சந்தித்து, ஒரே சீரான மணிகளாக வளர்கின்றன. ஆறியதும், உலைக்குள் வைத்த புடக்குகைக் கிண்ணத்தில் ஒரு கட்டி இருக்கும். அதைச் சுடுதண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து போகும், பொடி அடியில் நிற்கும். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீரில் உப்பு மிச்சம் இருந்தால், வெள்ளி நைத்திரேற்றில் ஒரு துளி விட்டதும் பால் போல் கலங்கும். கலங்காத நாள் வரும்வரை கழுவல்தான். உலை வேலை ஒரு பகல், கழுவல் வேலை பல சனிக்கிழமைகள்.

ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொண்டவர் யாழ்ப்பாணத்தவர். ஓய்வுக்கு மிக நெருங்கிய தொழில்நுட்ப உத்தியோகத்தர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். உலையின் கதவை என்னைத் திறக்க விடமாட்டார்.

"உங்கட சாறி முந்தானை முதல்ல உள்ளுக்குப் போகும். பிறகு நீங்கள் போவியள்," என்பார்.

"அப்புறம் பட்டத்த யாருண்ணே வாங்குறது?"

"நான் வாங்கிறன். உங்களைவிட நான்தான் இஞ்ச கூட நாள் நிண்டிருக்கிறன்."

இரண்டு வருடத்துக்கு முந்திய வறட்சியில்தான் கழுவல் தண்ணீரைச் சேமிக்கும் பழக்கம் தொடங்கியது. பதுளையில் குழாய்த் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம் வரும், பிறகு நின்றுவிடும். தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவிக்கு, ஒரு போத்தல் வடிக்க அதைப்போல் பல மடங்கு தண்ணீர் குளிரூட்டுவதற்காக ஓட வேண்டும். அதனால் அதை மூடி வைத்துவிட்டார்கள். அப்போது நான் இரண்டு பொடிகளைச் செய்துகொண்டிருந்தேன். ஒன்று ஒப்பிடுவதற்காகச் செய்த கோபாற்று இரும்பொட்சைட்டு. அது கறுப்பு, காந்தத்தைக் கண்டால் பாய்ந்து ஒட்டும். மற்றது என் பிசுமத்து. முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு என்று கழுவினேன். இருந்தது ஒரே ஒரு கேன் வடித்த தண்ணீர்.

நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர் லயத்தில். வரிசைக்கு ஒரு குழாய். அங்கே வீட்டில் யாரும் கடைசியாக அலசிய தண்ணீரைக் கொட்டியதில்லை. பாத்திரத்தின் கடைசித் தண்ணீர் சுத்தமானது. அடுத்த வேளைப் பாத்திரத்துக்கு அதுதான் முதல் தண்ணீர். முதல் அலசலில் எப்படியும் அழுக்குத்தானே போகப்போகிறது, அதற்கு ஏன் நல்ல தண்ணீர்? ஆய்வுகூடத்திலும் அதையே செய்தேன். கறுப்புப் பொடியின் கடைசிக் கழுவல் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்து வைத்தேன். வெள்ளி நைத்திரேற்றுத் துளி அதில் கலங்கவில்லை, உப்பே இல்லை. ஆகவே அது சிவப்புப் பொடியின் முதல் கழுவலுக்குப் போனது. அண்ணனுக்கும் அது பிடித்துவிட்டது. "நல்ல சிக்கனம்" என்று, மற்ற மாணவர்களிடமும் சொல்லி வைத்தார். அந்தத் தண்ணீர் நிறைய நீர் ஊற்றிய, பால் விடாத பிளேன்டி போல லேசான நிறமாக இருந்தது. கேனில் பழைய துரு இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

சிவப்புப் பொடியில் கொஞ்சத்தை என் மேற்பார்வையாளர் இந்தியாவில் தெரிந்த ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினார். எக்ஸ்கதிர்ச் சோதனை சுத்தமாக வந்தது. வேறு பொருளின் கோடு எதுவும் இல்லை. பல மாதங்கள் கழித்துக் காந்த அளவீடு வட்ஸ்அப்பில் வந்தது. நான் அப்போது பாடசாலையில் பகலுணவு மேற்பார்வையில் நின்றுகொண்டிருந்தேன். திரையை விரித்துப் பார்த்தேன். ஏறக்குறைய நேர்கோடாக இருக்க வேண்டிய இடத்தில் கொழுத்த இலை போல் திறந்த ஒரு வளையம். என் பொடிக்குக் காந்தம் இருந்தது, அதுவும் பலமாக.

மேற்பார்வையாளர் தொலைபேசி எடுத்து, இவ்வளவு காலம் இழுத்தது வீண் போகவில்லை என்று சிங்களத்தில் சொன்னார். ஆய்வேட்டின் தலைப்பில் 'அதிகரித்த காந்தப் பண்பு' என்ற சொற்களைச் சேர்க்கச் சொன்னார். ஒன்றை மட்டும் கேட்டார்: இதே பொடியை இன்னொரு தரம் செய்து, இதே வளையம் வருகிறது என்று காட்ட வேண்டும். ஒரு தரம் வந்ததைப் பரீட்சகர்கள் ஏற்கமாட்டார்கள். என் பதிவு அந்தத் தவணையோடு முடிகிறது. கேட்கக்கூடிய நீட்டிப்பு எல்லாவற்றையும் ஏற்கெனவே கேட்டாயிற்று. முடிக்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். இத்தனை சனிக்கிழமைகளும் எதற்கென்று சொல்ல என்னிடம் ஒரு தாள்கூட இருக்காது.

ஆகவே முதலிலிருந்து தொடங்கினேன். நான் எதையும் மாற்றுகிறவள் இல்லை. இரண்டாம் தரம் செய்வதென்றால் எல்லாம் முதல் தரம் மாதிரியே இருக்க வேண்டும். அதே உப்பு, அதே உலை, அதே வரிசை. இந்தத் தடவை மழை பெய்திருந்தது, ஆனால் வடிக்கும் கருவியின் சூடேற்றி எரிந்து போயிருந்தது. புதியது வாங்கும் கோப்பு எந்த மேசையில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துப் பிரிவில் அண்ணன் கெஞ்சி ஒரு கேன் தண்ணீர் வாங்கி வைத்திருந்தார். கறுப்பைக் கழுவினேன். கடைசித் தண்ணீரை எடுத்து வைத்தேன். அடுத்த சனிக்கிழமை சிவப்புக் கட்டியைக் கண்ணாடி முகவையில் போட்டு, அந்தத் தண்ணீரைச் சூடாக்கி ஊற்றி, கண்ணாடிக் கோலால் கிளறத் தொடங்கினேன்.

அந்தக் கிழமை முழுவதும் கரும்பலகையில் எழுதியதில் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அண்ணன் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கையைப் பாருங்கோ. உதைக் காந்தக் கலக்கியில வையுங்கோவன்."

"போன தடவ கோலாலதாண்ணே கிளறுனேன்."

"போன முறை உங்களுக்குக் கை இருந்தது. தண்ணிக்குத் தெரியுமே ஆர் கலக்கினதெண்டு?"

எனக்கும் வலித்தது. சரி என்றேன். அவர் முகவைக்குள் வெள்ளை உறை போட்ட காந்தக் குச்சியைப் போட்டு, அடியில் காந்தம் சுழலும் கலக்கியின் தட்டில் வைத்தார். குச்சி சுழன்றது. நான் ஜன்னலோரம் போய் விடைத்தாள் திருத்தினேன்.

பொடி படிவதற்காகக் கலக்கியை நிறுத்தி, இடுக்கியால் குச்சியைத் தூக்கினேன். அதன் இரண்டு நுனியிலும் கறுப்பாக மெல்லிய மயிர் முளைத்திருந்தது. ஈரத்தில் படிந்த பூனைக்குட்டியின் ரோமம் போல.

நான் அதைக் கழுவிப் பார்க்கவில்லை. தூக்கியபடியே நின்றேன்.

"என்ன, கறள் பிடிச்சிட்டுதோ?" என்று, துரு என்று நினைத்துக் கேட்டபடி அண்ணன் வந்தார். குச்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்கட பொடி ஒட்டியிருக்கு," என்றார்.

"ஏம் பொடி செவப்புண்ணே. இது கறுப்பு. ஏம் பொடி ஒட்டவும் கூடாது."

"உங்கடையிலதான் காந்தம் கூடியிருக்கே. இந்தியாக்காரன் சொன்னவன்."

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த வார்த்தை அப்படித்தான் கேட்டது. கறுப்பின் கடைசிக் கழுவல் தண்ணீரில் கொஞ்சம் போத்தலில் மிச்சம் இருந்தது. அதில் ஒரு புதுக் குச்சியைப் போட்டுச் சுழல விட்டேன். எடுத்தபோது அதிலும் அதே மயிர், இன்னும் அடர்த்தியாக.

பிறகு மீதித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, எங்கள் உப்பில் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கி வைத்தேன். ஏன் அதைச் செய்தேன் என்றால், ஒவ்வொரு வருடமும் உயர்தர வகுப்பில் அதைத்தான் படிப்பிக்கிறேன். ஆற்றுத் தண்ணீரில் மிதக்கும் மெல்லிய சேறு கடலில் சேரும் இடத்தில் ஏன் படிகிறது என்று. தண்ணீரில் உப்பு இல்லாதவரை நுண்ணிய துகள்கள் ஒன்றை ஒன்று விலக்கிக்கொண்டு மிதக்கும். உப்பு வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக் கீழே இறங்கும். குழாயில் பிளேன்டி நிறம் மெல்ல மெல்லத் தெளிந்தது. அடியில் நகக்கண் அளவு கறுப்பு படிந்தது.

இவ்வளவுதான் விஷயம். கறுப்புப் பொடியின் மிக நுண்ணிய துகள்கள் சுத்தமான கடைசித் தண்ணீரில்தான் மிதந்தன. அந்தத் தண்ணீரை நான் கொண்டுபோய் உப்புக் கட்டியின் மேல் ஊற்றினேன். உப்பு அவற்றை இறக்கி என் சிவப்புப் பொடியோடு படிய வைத்தது. எக்ஸ்கதிருக்குத் தெரியாத அளவு. காந்தத்துக்குத் தெரிகிற அளவு. அந்தக் கொழுத்த வளையம் கோபாற்றுடையது.

அண்ணன் முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இதை ஒருத்தரும் கண்டுபிடிக்கமாட்டினம், டீச்சர்," என்றார்.

"தெரியும்ணே."

"ரெண்டாம் முறையும் அதே வளையந்தான் வரும். அதே தண்ணியிலதானே கழுவியிருக்கிறியள். பரீட்சகருக்கு அது காணும்."

"அதான் பயமா இருக்கு. கட்டாயம் வரும்."

அவர் குச்சியைத் துணியால் துடைத்தார். துணியில் கறுப்புக் கோடு விழுந்தது. "நான் சும்மா சொன்னனான். ஒரு பேச்சுக்கு," என்றார். அவர் சும்மா சொல்லவில்லை. நான் களைத்திருந்ததைப் பார்த்துச் சொன்னார். பஸ்ஸில் பண்டாரவளை தாண்டும்வரை நானும் அதையே நினைத்துக்கொண்டுதான் போனேன். சமர்ப்பித்துவிட்டால் சனிக்கிழமைகள் திரும்பக் கிடைக்கும். ஒரு வார்த்தை பொய் எழுத வேண்டியதில்லை. அளந்தது அளந்ததுதான், வளையம் வளையம்தான். ஆனால் வகுப்பில் அந்தச் சேற்றுப் பாடம் வரும்போதெல்லாம் நான் எதைப் பார்த்துக்கொண்டு படிப்பிப்பேன் என்று தெரியவில்லை.

என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகத்தர். குவார்ட்டர்ஸில் அவர் எனக்குத் தேநீர் ஊற்றி வைத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். பாதி புரிந்திருக்கும்.

"அப்ப முடியாதா?"

"முடியும். சின்னதா முடியும். காந்தம் இல்லேன்னு எழுதணும்."

"இல்லேன்னு எழுதுனா பட்டம் குடுப்பாங்களா?"

"தெரியலங்க. குடுக்காமலும் போகலாம்."

அவர் தேநீரை என் பக்கம் தள்ளினார். "நம்ம கையில காசு கேட்டா சரி, நாள் கேட்டா எங்க போறது," என்றார். பிறகு, "இப்ப என்ன வேணும் உனக்கு?" என்று கேட்டார்.

"தண்ணி. நெறைய வடிச்ச தண்ணி. ஒவ்வொரு கழுவலுக்கும் புதுசா."

"பேட்டரித் தண்ணி ஆவுமா?"

அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. வாகன பேட்டரிக்கு ஊற்றுவதும் வடித்த தண்ணீர்தான். அடுத்த சனிக்கிழமை அவரும் என்னோடு பதுளைக்கு வந்தார். மொனராகலை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு பேட்டரிக் கடை. நான் வெளியே நின்றேன். இரண்டு கையிலும் கேன்களோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"'ஐயாவுக்கு எத்தன லொறி ஓடுது'ன்னு கேக்குறான்."

"என்ன சொன்னீங்க?"

"லொறி இல்ல தம்பி, ஒரு பொடி கழுவணும்னேன். வயசாயிருச்சுன்னு நெனச்சிக்கிட்டான்."

ஆய்வுகூடத்தில் முதலில் அந்தத் தண்ணீரையே சோதித்தேன். வெள்ளி நைத்திரேற்று கலங்கவில்லை. புதுக் குச்சியைப் போட்டுச் சுழல விட்டேன், வெள்ளையாக வந்தது. அண்ணன் தன் மேசையிலிருந்து யாரும் தொடாத முகவைகளை எடுத்துத் தந்தார். அரைக்கும் கல்வத்தையும் புடக்குகையையும் மாற்றினேன். கறுப்புப் பொடி இருந்த போத்தல்களை எல்லாம் அடுத்த அறைக்கு அனுப்பினோம். அண்ணன் வெளியே கொண்டுபோகும்போது, "தீட்டுக் காக்கிற வீடு மாதிரி இருக்கு," என்றார். உலையில் வைத்தேன். அடுத்த கிழமை பாடசாலையில் சுகவீன லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு நாளும் வந்து கழுவினேன். ஒவ்வொரு கழுவலுக்கும் புதுத் தண்ணீர். ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டும்போது கை தயங்கியது. எங்கள் லயத்தில் யாராவது பார்த்திருந்தால் திட்டியிருப்பார்கள்.

வெள்ளி நைத்திரேற்று கலங்காத நாள் வந்தது. அன்று கலக்கியை நிறுத்தியதும் அண்ணனும் வந்து நின்றார். குச்சியைத் தூக்க எனக்கு மனமில்லை. மயிர் ஒட்டி வந்தால், பொடி இன்னும் அழுக்கு, நேரம் இல்லை. வெள்ளையாக வந்தால், மாதக்கணக்காக நான் நம்பிய ஒன்று எந்த நாளிலும் இருந்ததில்லை. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டிருந்தால் உட்கார வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

தூக்கினேன். வெள்ளையாக வந்தது. சிவப்புத் தண்ணீர் அதிலிருந்து வழிந்து சொட்டியது. எதுவும் நிற்கவில்லை.

"சுத்தம்," என்றார் அண்ணன். பிறகு, "சரி, போயிட்டுது," என்றார்.

"ஆமாண்ணே. போயிருச்சு."

மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பழைய அளவீட்டை எடுத்துத் திரும்பப் பார்த்தார். ஏன் இதை இப்போது சொல்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன். அவசரமாக அளந்து தரும்படி தன் நண்பரைக் கெஞ்சினார். தவணை முடிவதற்குச் சற்று முன்னால் புது அளவீடு வந்தது. ஏறக்குறைய நேர்கோடு. நடுவில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் ஒரு சிறு விரிசல். அவ்வளவுதான் என் பொருளின் காந்தம். மற்றவர்கள் எழுதி வைத்திருப்பதும் அதுதான்.

தலைப்பிலிருந்து 'அதிகரித்த' என்ற சொல்லை எடுத்தேன். மணிகளின் வடிவம், உப்பின் விகிதம், மின் பண்பு என்ற பகுதிகள் அப்படியே நின்றன. காந்த அத்தியாயத்தில் பழைய வளையத்தையும் புதிய கோட்டையும் ஒரே படத்தில் போட்டு, அவற்றின் நடுவே இருந்தது என்னவென்று எழுதினேன். கழுவல் தண்ணீரை ஒரு பொடியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியது, உப்பு அதை இறக்கியது, குச்சியில் வந்த மயிர். மிகவும் சாதாரணமான அத்தியாயம். தட்டச்சு செய்து முடித்த இரவில் கதிரையிலேயே தூங்கிவிட்டேன்.

கடைசி நாளுக்கு முதல் நாள் பதுளையில் கட்டி முடித்த பிரதிகளைக் கொடுத்தேன். வாய்மொழிப் பரீட்சையில் வெளியிலிருந்து வந்திருந்த பரீட்சகர் முதல் அத்தியாயங்களைப் புரட்டிவிட்டுக் காந்தப் படத்தில் நிறுத்தினார். இந்தப் பழைய வளையத்தைக் காட்ட வேண்டிய தேவை என்ன, விட்டிருக்கலாமே என்று கேட்டார். வேறு யாராவது அதே மாதிரிக் கழுவக்கூடும் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். எதற்கென்று எனக்குத் தெரியாது. சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள். திருத்தங்களை முடிக்க இன்னும் சில சனிக்கிழமைகள் போயின.

இப்போது சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்கிறேன். என்ன செய்வதென்று முதலில் தெரியவில்லை; நிறையத் தூங்கினேன். அண்ணன் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். ஆய்வுகூடத்து அலுமாரிக் கதவில், கழுவிய தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று தன் கையெழுத்தில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாராம்.

வீட்டில் நான் கொட்டுவதில்லை. குழாய் இங்கேயும் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். கடைசியாக அலசிய தண்ணீர் பாத்திரத்தில் இருக்கிறது, ராத்திரிப் பாத்திரங்களுக்கு.